புயலுக்கும் கழலாத தொப்பி

என் மனைவி தையல்காரி. அவள் தைத்த துணி எதுவும் இதுவரை இறுகியதில்லை. போட்டவர்களின் உடம்புதான் பெருத்திருக்கிறது. "நான் வச்ச அளவு தப்பாது, நீங்கதான் வாயைக் கட்டணும்" என்று முகத்துக்கு நேராகவே சொல்லி அனுப்புவாள். அப்படியும் கூட்டம் வருகிறது என்றால் அவள் கைராசி அப்படி.

எனக்கு நிணநீர்ச் சுரப்பிகளில் வரும் லிம்போமா என்ற புற்றுநோய். மருந்து ஏற்றியதில் முடி மொத்தமும் கொட்டியது. மொட்டைத் தலையை நாடாவால் அளந்து, வழுவழுப்பான துணியில் எனக்கொரு தொப்பி தைத்தாள். உள்ளே எலாஸ்டிக். "புயலே அடிச்சாலும் கழலாது" என்றாள். புயல் என்ன, என் மறையே கழன்றாலும் அது கழலாது. இறுக்குகிறது என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "உங்க தலைக்கனம் அது" என்றாள். அதற்குமேல் வாயைத் திறப்பேனா?

மருந்தெல்லாம் முடிந்து முடி எட்டிப் பார்க்கத் தொடங்கியபோது, தலையில் கொப்புளம் கொப்புளமாகப் புடைத்தது. தடவிப் பார்த்தவள் என்னைக் கிண்டல் செய்யவில்லை. பட்டப்பகலில் கடையைப் பூட்டினாள். நோய் திரும்பிவிட்டதோ என்ற பயத்தில் நேரே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

டாக்டரம்மா விளக்கைப் பிடித்துப் பார்த்தார். "முடியோட வேர்க்கால்ல சீழ் வெச்சிருக்கு. உங்களுக்கு எதிர்ப்பு சக்தி கம்மி, அதான். களிம்பு தர்றேன், கிள்ளாதீங்க. ஆனா இந்த ஒண்ணு மட்டும் சீழில்லாம கெட்டியா இருக்கு. உங்க நோய் தோல்லயும் வரலாம். கொஞ்சம் எடுத்து சோதிச்சுப் பாத்துருவோம்."

முடிவு வரும்வரை அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. சட்டை இறுக்கமென்று வந்தவரிடம் சண்டைகூடப் போடாமல், "நாளைக்கு வாங்க" என்றாள்.

மறுபடி போனபோது டாக்டரம்மா சிரித்தார். "புற்றுநோய் இல்ல. இதுவும் வேர்க்கால் புண்தான், கொஞ்சம் ஆழமா போயிருக்கு. எல்லாம் எலாஸ்டிக் அழுத்துற இடத்துலயே வரிசையா இருக்கு பாருங்க. வேர்வை, உரசல். யாரு தெச்ச தொப்பி இது? காத்தே போகாது போல. பருத்தியில தளர்வா ஒண்ணு போடுங்க, தினமும் துவைங்க."

போச்சு, அடுத்து டாக்டரம்மாவின் கண்ணில்தான் கோளாறு என்று இவள் சொல்லப்போகிறாள் என நினைத்தேன். அவளோ நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

"அப்ப, என் தொப்பியாலதானா? நெஜமாவே என் தப்புதானா டாக்டர்?"

"ஆமாம்மா."

"இன்னொரு தடவ சொல்லுங்க."

"உங்க தப்பேதான்."

முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே.

வழியெல்லாம் என் கையை விடவில்லை. கடை வாசலில் அந்தச் சட்டைக்காரர் காத்திருந்தார். அவர் வாயெடுப்பதற்குள் சட்டையை வாங்கிக்கொண்டாள்.

"என் அளவுதாங்க தப்பு" என்றாள், பல்லெல்லாம் தெரிய.