மாமரத்தடியில் சம்பந்தி

மனிதன் எந்த மிருகத்தின் முன்னாலும் குனியத் தேவையில்லை என்ற உண்மையை ஆப்பிரிக்கா முழுவதற்கும் அறிவிக்கும் பொறுப்பு முனாஷேயிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஒப்படைத்தவனும் அவனே. விலங்கியல் இரண்டாம் ஆண்டு மாணவன். அதுவரை அவன் கையால் தொட்டதில் பெரிய விலங்கு, ஆய்வகத் தட்டில் மல்லாந்து கிடந்த தவளை.

விடுமுறைக்கு, ஏரிக்கரை ஊரான கரிபாவில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வந்திருந்தான். விடுதியில் அவன் எனக்கு அறைத்தோழன்; ஊரில் எங்கள் வீடு அவன் அக்கா வீட்டுக்கு அடுத்த தெரு. எங்கள் ஊரில் யானைகள் தெருவில்தான் நடக்கும். பள்ளிக்கூட வேலியோரமாகப் போகும், ரொட்டிக் கடைக்கு எதிரே நிற்கும், மாம்பழக் காலத்தில் யார் வீட்டுக் கொல்லைக்கு வேண்டுமானாலும் வரும். பயம் உண்டு. ஆனால் யானை சுற்றுகிற தெருவில் திருடன் கால் வைப்பதில்லை. வெளியே கிளை முறிகிற சத்தம் கேட்டால்தான் தனக்கு நிம்மதியாகத் தூக்கம் வருகிறது என்பாள் முனாஷேயின் அக்கா செகாய். அவள் கணவர் இரவெல்லாம் ஏரியில், மீன்பிடிப் படகில் இருப்பவர்.

அவரை எல்லோரும் அனேசு அப்பா என்றுதான் கூப்பிடுவோம். அனேசு அவர்களுடைய கைக்குழந்தை. அனேசு அப்பா யானைக் குலம். செகாயும் முனாஷேயும் பபூன் குரங்குக் குலம். எங்களிடத்தில் ஒருவருக்கு மரியாதை என்றால் குலப்பெயர் சொல்லிக் கைதட்டுவதுதான். அவர் மீன் கொண்டுவந்து நீட்டினால் செகாய் முழங்காலிட்டு, “சமன்யங்கா” என்று கைதட்டிவிட்டு வாங்குவாள். தந்தம் உடையவரே என்று அர்த்தம். அவரும் வழியில் நிஜ யானையைப் பார்த்தால் அதையேதான் செய்வார். தொப்பியைக் கழற்றிவிட்டுக் குத்தவைத்து உட்காருவார், விரலோடு விரல் சேர்த்து மெதுவாகக் கைதட்டுவார், சமன்யங்கா, வேலைக்கு நேரமாகிறது, கொஞ்சம் வழிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்வார். யானை வழிவிடும். விடாத நாளில் அவர் சுற்றிக்கொண்டு போவார்.

முனாஷே இதை வைத்து ஒரு வாரம் கேலி செய்தான். களிப்பானையை யானையாக நிறுத்தி, மூடியைத் தொப்பியாகக் கழற்றி, அதன் முன்னால் குத்தவைத்து, இன்னொரு கரண்டி களிக்கு அனுமதி கேட்டான். செகாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதே கரண்டியால் அவன் முதுகில் போட்டாள். அனேசு அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்ள முடியாது. முனாஷே பெண் கொடுத்த வீட்டுக்காரன். முறைப்படி மாப்பிள்ளைதான் அவன் முன்னால் உட்கார்ந்து கைதட்ட வேண்டும். அவன் என்ன கேலி செய்தாலும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

“மச்சான், யானைக்கு நம்ம ஷோனா பாஷை எந்த வாத்தியார் சொல்லிக் கொடுத்தாரு?” என்று கேட்டான் முனாஷே.

“எங்க வீட்டுப் பெரியவங்களைப் பத்திப் பேசறீங்க,” என்றார் அவர் மரியாதையாக. பிறகு மீனில் முள் எடுக்க ஆரம்பித்தார்.

அது நடந்த நாளில் அவர் படகுத்துறையில் வலை தைத்துக்கொண்டிருந்தார். கடல் மாதிரி ஏரி கண்ணெதிரே கிடக்க, வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை. செகாய் வாளியை எடுத்துக்கொண்டு தெருமுனைக் குழாய்க்குக் கிளம்பினாள். மாமரத்தடியில் பாயைப் போட்டுக் குழந்தையைத் தூங்கவைத்து, தன் இடுப்புத் துணி ஒன்றால் போர்த்தியிருந்தாள். பார்த்துக்கொள் என்று தம்பியிடம் சொன்னாள். பார்த்துக்கொள்வதில் தனக்கு நிகர் யாருமில்லை என்று தம்பி சொன்னான்.

நாங்கள் இருவரும் பின்வாசல் படியில் உட்கார்ந்தோம். முனாஷே எனக்கு யானையின் மூளையைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தான். பெரியது, ஆனால் அதில் மொழிக்கு இடமில்லை என்று சொல்லி, இடமில்லாததைக் கையால் வரைந்து காட்டினான். நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பின்னால் பக்கத்து வீட்டுச் சுவர் தெரிந்துகொண்டிருந்தது. பிறகு தெரியவில்லை.

யானை வருகிற சத்தம் கேட்கவே இல்லை. யானை வந்துவிட்டிருந்தது.

தனி ஆண் யானை. வேலிக் கம்பியைப் பிடுங்கியதா, மிதித்ததா, எனக்குத் தெரியாது. மாமரத்தடியில் எங்களைப் பார்த்து நின்றது. அதன் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவில் பாய். பாயில் அனேசு.

நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. வாய் திறந்துதான் இருந்தது, நாக்கை எங்கே வைப்பது என்பது மறந்துபோயிருந்தது. யானை ஒரு கிளையை வளைத்தது. பழம் ஒன்று பாயருகே பொத்தென்று விழுந்தது. தும்பிக்கை இறங்கிப் பழத்தை எடுத்தது. மறுபடி இறங்கியது. இந்தத் தடவை பழத்துக்கு அல்ல. போர்வையை மோந்து, ஒரு முனையைச் சுருட்டிப் பிடித்து, அப்படியே மேலே தூக்கி உதறியது.

துணியோடு குழந்தையும் போய்விட்டது என்று நினைத்தேன்.

துணி வெறுமையாக விழுந்தது. குழந்தை பாயிலேயே இருந்தது. விழித்திருந்தது. அழவில்லை, தலைக்கு மேல் வந்திருக்கும் புதிய கூரையை மல்லாந்தபடி பார்த்துக்கொண்டிருந்தது.

முனாஷே எழுந்தான். அவன் செருப்பு சிமெண்டில் உரசியது. அவ்வளவுதான், யானையின் காதுகள் இரண்டும் விரிந்தன, தலை உயர்ந்தது, பின்னங்கால் ஒன்று நகர்ந்து பாயின் ஓரத்தில் பதிந்தது. முனாஷே எழுந்த பாதியிலேயே நின்றுவிட்டான்.

அப்போதுதான் செகாய் வந்தாள். யானைக்குப் பின்னால், வேலி அறுந்த இடத்தில், தலையில் தண்ணீர் வாளியோடு. பாயைப் பார்த்தாள். அவளும் சத்தம் போடவில்லை. எங்கள் ஊர்ப் பெண்ணாகிவிட்டவள். பின்னாலிருந்து குரல் கேட்டால் யானை திரும்பும், திரும்பினால் அந்தக் கால் எங்கே விழும் என்று அவளுக்குத் தெரியும். தம்பியைப் பார்த்தாள். பேசுவதென்றால் முன்னால் நிற்பவன்தான் பேச வேண்டும்.

நானும் முன்னால்தான் இருந்தேன். ஆனால் என் குலம் மீன்கழுகு. இது இரண்டு சம்பந்தி வீட்டு விவகாரம், மூன்றாம் ஆள் தலையிடுவது முறையல்ல என்று முடிவெடுத்து, சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

முனாஷே மெதுவாகக் குத்தவைத்தான். கை சேர்ந்தது. வாய் திறந்தது.

“சோக்கோ,” என்றான். “முக்கான்யா.”

அது பபூன் குரங்கின் துதி. அவன் பிறந்ததிலிருந்து அவனுக்குச் சொல்லப்பட்ட பெயர். பயத்தில் வாய்க்கு வந்தது அதுதான். முழு வளர்ந்த ஆண் யானையைப் பார்த்து, கைதட்டி, குரங்கே என்று கூப்பிட்டிருக்கிறான். யானை மூச்சை ஊதியது. புழுதி எழுந்து குழந்தையின் முகத்தில் படிந்தது.

செகாய் தலையாட்டினாள், இல்லை இல்லை என்று. வாளித் தண்ணீர் அலம்பி அவள் முகத்தில் வழிந்தது. துடைக்கவில்லை. இரண்டு கையையும் உயர்த்தி, இரண்டு ஆள்காட்டி விரலையும் வாயின் இரண்டு ஓரத்திலும் வைத்து முன்னால் நீட்டினாள். தந்தம். தலையில் வாளியோடு, கண்ணில் தண்ணீரோடு, விரலால் தந்தம் வைத்துக்கொண்டு அவள் நின்றதைப் பார்த்து எந்த நாளிலும் நான் சிரிக்கப் போவதில்லை.

முனாஷே அந்த விரல்களைப் பார்த்தான்.

“சமன்யங்கா,” என்றான். “சமன்யங்கா. பெரியவரே.” அதற்குமேல் அவனுக்குத் தெரியாது. மச்சான் துதி சொன்னபோதெல்லாம் அவன் சிரித்துக்கொண்டிருந்தவன். அதனால் மிச்சத்தைத் தானாகவே சொன்னான், கடன் கேட்பவன் குரலில். “இது உங்க வீட்டுப் பிள்ளை. உங்க குலம். நாங்க வெறும் பொண்ணு கொடுத்தவங்க. பார்த்துக் கால் வைங்க, சமன்யங்கா.”

உண்மைதான். அந்தக் கொல்லையில் இருந்த எல்லோரிலும் யானைக்குச் சொந்தம் என்று சொல்ல அந்தக் கைக்குழந்தை ஒன்றுதான் இருந்தது.

யானை இன்னொரு பழம் பறித்து, நிதானமாகத் தின்றது. காதுகள் மடங்கின. பின்னங்கால் உயர்ந்தது. உயர்ந்து, குழந்தைக்கு மேலாக நகர்ந்து, பாய்க்கு அந்தப் பக்கம் இறங்கியது. அது பார்த்துத்தான் வைத்ததா, தானாக அமைந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் கண்ணை மூடியிருந்தேன். திறந்தபோது யானை பக்கத்துக் கொல்லை வழியாக, அவசரமே இல்லாமல், மேட்டுத் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

வாளி விழுந்தது. செகாய் ஓடிவந்து குழந்தையை அள்ளி, கை கால் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள், மறுபடியும் முதலிலிருந்து தடவினாள். அம்மா இறுக்கியதில்தான் அனேசு முதன்முதலாக அழுதது. பாயின் ஓரத்தில் களித்தட்டு அளவுக்கு வட்டமாக ஒரு பள்ளம். அங்கே பாயின் கோரைகள் மண்ணுக்குள் போயிருந்தன.

செகாய் தம்பியிடம் வந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

“போயிடுச்சுடா,” என்றாள்.

முனாஷே தலையசைத்தான். அவன் எழுந்திருக்கவில்லை. அறுந்த வேலிப் பக்கம் பார்த்தபடி, விரலோடு விரல் சேர்த்து, சத்தம் அதிகம் வராமல், இன்னும் தட்டிக்கொண்டிருந்தான்.