ஊறின பிஸ்கெட்

ஸ்ட்ராபெர்ரிக்கு விதை வெளியே இருக்கிறது என்பதை ஐம்பத்தொன்பது வயதில்தான் கவனித்தேன். அதுவரை தின்றிருக்கிறேனே தவிர, பார்த்ததில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் சமையலறையில் நின்று, மிக்ஸி ஜாடியிலிருந்த சிவப்புக் கூழைக் கம்பி வடிகட்டியில் ஊற்றி, கரண்டியின் பின்பக்கத்தால் தேய்த்துத் தேய்த்துக் கீழே இறக்கிக்கொண்டிருந்தேன். வடிகட்டியில் மஞ்சளாக விதைகள் தங்கின. கடுகில் கால்வாசிகூட இருக்காது ஒவ்வொன்றும். ஆனால் ஒன்றே ஒன்று தொண்டையில் ஒட்டினால் போதும், புரையேறும். புரையேறினால் நெஞ்சில் சளி, சளி என்றால் மறுபடியும் ஆஸ்பத்திரி. இரண்டாவது முறை வடிகட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மூன்றாவது முறையும் வடிகட்டினேன். எனக்கு இவ்வளவு பொறுமை வரும் என்று சொன்னால் அக்கா நம்பமாட்டாள்.

அக்கா அடுத்த அறையில்தான் படுத்திருந்தாள். அறுபத்தாறு வயது. பள்ளிக்கூடத்தில் மனையியல் டீச்சராக இருந்தவள். பெண்பிள்ளைகளுக்குச் சமையலும் தையலும் சொல்லிக்கொடுத்து, செய்முறைத் தேர்வில் மார்க் போட்டே காலத்தை ஓட்டியவள். ஓய்வு பெற்ற பிறகு அந்த வேலை என் தலையில் விடிந்தது. நான் போடும் டீக்குப் பத்துக்கு நாலு. நான் மடித்த போர்வைக்கு மூன்று. எதையாவது தட்டில் கொட்டிப் பரப்பினால், மேல்பக்கம் மேடும் பள்ளமுமாக இருக்கக் கூடாது. இருந்தால் பேசாமல் வந்து, கரண்டியைத் திருப்பிப் பிடித்து, ஓரத்திலிருந்து ஓரம் வரை இழுத்துச் சமமாக்குவாள். பிறகு அந்தக் கரண்டியை அப்படியே நக்குவாள். "நான் பண்ணா எச்சில், நீ பண்ணா மட்டும் எச்சில் இல்லையா?" என்று கேட்பேன். "இது பரீட்சை. எச்சில் இல்ல" என்பாள்.

எங்கள் இருவருக்குமே கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு அவள் ஒரு பதில் தயாராக வைத்திருந்தாள்: "திட்டறதுக்கு ஒரு ஆள் வேணும். அதான் இவ இருக்காளே." என்னை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. அவசரக்குடுக்கை என்றுதான் கூப்பிடுவாள். தபால் நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்தவள் நான். நிமிஷத்துக்கு நாற்பது உறை. கை அந்த வேகத்திலேயே நின்றுவிட்டது, என்ன செய்ய.

ஏழு வாரத்துக்கு முன்னால் ஒரு காலையில், துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே கட்டிலில் சாய்ந்தாள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு போய்விட்டது. காது கேட்கிறது, எல்லாம் புரிகிறது, கண் என்னைக் கோபமாகவே பார்க்கிறது. வார்த்தை மட்டும் வரவில்லை. மூக்கு வழியாக ஒரு குழாய். அதில் ஒரு நாளைக்கு ஐந்து முறை, வெளுத்த நிறத்தில் ஒரு சத்துப்பாலை நான் ஊற்றுகிறேன். அது வாயைத் தொடாமலே வயிற்றுக்குப் போய்விடுகிறது.

வாரத்துக்கு இரண்டு நாள், விழுங்கப் பழக்கும் பெண் ஒருத்தி வருகிறாள். அவளுக்கு நான் வைத்திருக்கும் பெயர் விழுங்கு டீச்சர். டீச்சருக்கே டீச்சர். திங்கள்கிழமை வந்தவள் அக்காவின் தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைக் கூடத்துக்கு அழைத்துக்கொண்டு போய்த் தணிந்த குரலில் சொன்னாள்.

"ஆன்ட்டி, மேடமால விழுங்க முடியுது. ஆனா விழுங்க மாட்டேங்கறாங்க."

"நானும் என்னென்னவோ அரைச்சுக் குடுத்துப் பாத்துட்டேம்மா. வாயவே தொறக்கல."

"மூக்குல இருக்கறத இதுக்கு மேல விட முடியாது. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வரேன். அதுக்குள்ள வாயால கொஞ்சமாவது எடுத்துக்க ஆரம்பிச்சுட்டாங்கன்னா, டாக்டர்கிட்ட பேசி இன்னும் டைம் வாங்கலாம். இல்லன்னா வயித்துல துளை போட்டு டியூப் வெக்க நாள் குறிச்சிடுவாங்க. வெச்சுட்டா அப்புறம் வாயால சாப்பிட வெக்கறது இன்னும் கஷ்டம். அவங்களுக்கே அந்த எண்ணம் விட்டுப் போயிடும்."

நான் அவளிடம் சொல்லாதது ஒன்று உண்டு. அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, அரைத்த உருளைக்கிழங்கை ஸ்பூனில் எடுத்து அக்காவின் உதட்டில் வைத்து அழுத்தினேன். அவள் முகத்தைத் திருப்பினாள். கூழ் கன்னத்தில் பட்டு நைட்டியில் விழுந்தது. "வாயத் தொற! எனக்கு என்ன வேற வேலை இல்லையா?" என்று கத்தினேன். வாழ்க்கையில் நான் அவளைத் திட்டியது அதுதான் முதல் தடவை. திட்டு வாங்கத்தான் எனக்குத் தெரியும். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

விழுங்கு டீச்சர் போன பிறகு யோசித்துப் பார்த்தேன். நான் கொடுத்தது எல்லாமே வேறு ஏதோவாக இருந்து, மிக்ஸிக்குள் போய்ச் சீரழிந்தவை. காரட்டாக இருந்த கூழ், சோறாக இருந்த கூழ், ரொட்டியாக இருந்த கூழ். அக்காவுக்கு அவள் பல் என்றால் தனிப் பெருமை. அறுபத்தாறு வயதில் ஒன்றுகூட விழவில்லை. வறுத்த கடலையைக் கடகடவென்று மெல்லுவாள். "பல்லுக்கு வேலை குடுக்கணும்டி" என்பாள். அவளிடம் போய், மென்றுவிட்டு வைத்தது மாதிரி ஒன்றை நீட்டினால் அவள் வாயைத் திறப்பாளா? நானாக இருந்தாலும் திறக்கமாட்டேன்.

உலகத்தில் எல்லோரும் மெத்தென்றே சாப்பிடுகிற பண்டம் ஒன்று வேண்டும், மிக்ஸிக்குப் போகாமலே மெத்தென்று இருப்பது. அப்போதுதான் நான் விருப்ப ஓய்வு பெற்ற நாள் நினைவுக்கு வந்தது. கூட வேலை பார்த்தவர்கள் எங்கள் இருவரையும் ஓட்டலுக்கு அழைத்துப்போனார்கள். கடைசியில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் டிராமிசு வந்தது. இத்தாலிக்காரர்களின் பண்டம். அக்கா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஊறின பிஸ்கெட்டுக்கு இவ்ளோ ஜம்பமா?" என்றாள். பிறகு கிண்ணத்தைக் காலி செய்தாள். "பத்துக்கு ஏழு. பல்லுக்குத்தான் வேலையே இல்ல." வெளியே சாப்பிட்ட வேறு எதற்கும் அவள் ஏழு போட்டதில்லை.

போனில் தேடினேன். அதில் காபியும் முட்டையும் சேர்ப்பார்களாம். முட்டை இல்லாமல், அடுப்பில் சுடாமல், ஸ்ட்ராபெர்ரியில் செய்கிற விதம் ஒன்று இருந்தது. விரல் நீளத்துக்கு வரும் பிஸ்கெட்டைப் பழச்சாற்றில் நனைத்து அடுக்கி, மஸ்கார்போனே சீஸையும் அடித்த கிரீமையும் கலந்து மேலே பரப்பி, மறுபடி பிஸ்கெட், மறுபடி கிரீம், பிறகு ஃபிரிட்ஜ். வீடியோவில் செய்து காட்டிய ஆள் ஒரு விஷயத்தை மட்டும் மூன்று தடவை சொன்னான். "பிஸ்கெட்ட ஒரு செகண்டு நனைங்க, உடனே எடுத்துடுங்க. விட்டீங்க, கூழாயிடும்!" தம்பி, எனக்குக் கூழ்தான்டா வேணும் என்று போனைப் பார்த்துச் சொன்னேன். சொல்லிவிட்டுச் சிரித்தேன். சிரித்த சத்தம் சமையலறையில் எனக்கே ஒரு மாதிரியாகக் கேட்டது.

இப்போதெல்லாம் இப்படித்தான் ஆகிவிட்டது. இரண்டு பேர் இருக்கிற வீடு, ஒரு ஆள் சத்தம். "வடிகட்டிய எங்க வெச்சே?" என்று கேட்பேன். பதில் வராது. கொஞ்ச நேரம் கழித்து நானே அக்காவின் குரலில், "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று சொல்லிக்கொண்டு தேடுவேன். யாரும் கூப்பிடாமலே "இதோ வரேன்" என்று குரல் கொடுத்துவிட்டு ஓடுவேன். போய்ப் பார்த்தால் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஐம்பத்தொன்பது வருஷமாக இந்தத் திட்டு எப்போது நிற்கும் என்று காத்திருந்தவள் நான். நின்ற பிறகு காது அடைத்துக்கொண்டது மாதிரி இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை செய்தது வீணாகிப்போனது. விதை எடுத்த சாற்றில் பிஸ்கெட்டை நன்றாகத்தான் நனைத்தேன். ஃபிரிட்ஜில் ஆறு மணி நேரம் வைக்கச் சொல்லியிருந்தான். எனக்குத்தான் அவசரமாயிற்றே, இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட்டேன். விழுங்கு டீச்சர் சொல்லிக்கொடுத்த சோதனை ஒன்று உண்டு. முள்கரண்டியைப் பதித்து, கட்டைவிரல் நகம் வெளுக்கும் வரை அழுத்த வேண்டும். பண்டம் நசுங்கி, நசுங்கினபடியே கிடக்க வேண்டும். அழுத்தினேன். கிரீம் வழிவிட்டது, பிஸ்கெட்டின் ஓரம் வழிவிட்டது, நடுவில் ஒரு கெட்டி நரம்பு மாதிரி எதுவோ முள்ளைத் தடுத்தது. எல்லாப் பிஸ்கெட்டிலும் அப்படியே. கொடுத்தால் புரையேறும்.

பாத்திரம் கழுவும் தொட்டி ஓரத்தில் நின்றபடியே அதை நான் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. புளிப்பும் இனிப்புமாக, குளிர்ச்சியாக, உண்மையிலேயே நன்றாக இருந்தது. நான் செய்த ஒன்று நன்றாக வந்தது என் நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை. அதைச் சொல்வதற்கு அந்த வீட்டில் ஒரு ஆள்தான் உண்டு, அவளிடம் இதைச் சொல்லிக் காட்ட முடியாது. அப்போதுதான் அழுகை வந்தது. ஸ்பூனை வாயில் வைத்துக்கொண்டே அழுதேன். கடித்த இடத்தில் அந்தக் கெட்டி நடுப்பகுதி மொறுக்கென்று உடைந்தது. அக்காவுக்கு அந்தச் சத்தம் பிடித்திருக்கும்.

புதன்கிழமை காலையில் மறுபடி ஆரம்பித்தேன். மறுபடி ஸ்ட்ராபெர்ரி, மறுபடி மூன்று தடவை வடிகட்டல். இந்த முறை பிஸ்கெட்டைச் சாற்றுக்குள் போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். கை பரபரத்தது. இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டேன். பிஸ்கெட் ஊதி, நிறம் மாறி, தூக்கினால் வளைகிற வரை விட்டேன். அள்ளி அள்ளித்தான் அடுக்க முடிந்தது. புரையேறும் என்று மேலே பொடி எதுவும் தூவவில்லை. கிரீமைப் பரப்பும்போது பக்கத்து அறையில் அக்காவின் கட்டில் கிரீச்சிட்டது. ஓடவேண்டியிருந்ததால் கடைசிக் கரண்டியை அப்படியே கொட்டிவிட்டு, பாத்திரத்தை மூடி ஃபிரிட்ஜில் வைத்தேன். பிறகு அன்று முழுக்க அந்தக் கதவைத் திறக்கவில்லை. இரண்டு முறை கைப்பிடி வரை கை போனது உண்மை.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பாத்திரத்தை வெளியே எடுத்து ஒரு மூலையில் முள்கரண்டியால் அழுத்தினேன். அடிவரை இறங்கியது. எடுத்த பிறகு முள்ளின் தடம் அப்படியே கிடந்தது.

அக்காவை நிமிர்த்தி, முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து உட்காரவைத்தேன். கட்டில் மேஜையை இழுத்து, பாத்திரத்தை முழுசாக அவள் முன்னால் வைத்தேன்.

"பாரு அக்கா. இது அரைச்சது இல்ல. பொறப்புலயே இது இப்படித்தான். நீகூட ஏழு போட்டியே."

அவள் பாத்திரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் ஓரத்திலிருந்து கொஞ்சம் எடுத்து ஸ்பூனை அவள் உதட்டருகே கொண்டுபோனேன். உதடு இறுகியது. ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் உறைகளை எண்ணினேன். நாற்பது வரை எண்ணியும் திறக்கவில்லை. கை வலித்தது. ஸ்பூனைப் பாத்திரத்திலேயே வைத்துவிட்டேன்.

"சரி. வேண்டாம்னா விடு" என்றேன். "அன்னிக்கு உன்னப் பாத்துக் கத்தினேன் பாரு. அது தப்புக்கா. எனக்கு பயம்."

நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். பதினோரு மணிக்கு விழுங்கு டீச்சர் வந்து என்ன கேட்பாள், நான் என்ன சொல்வேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை. ஸ்பூன் கண்ணாடிப் பாத்திரத்தில் உரசும் சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன்.

அவளுடைய இடது கை பாத்திரத்தின் மேல் இருந்தது. ஸ்பூனைச் சரியாகப் பிடிக்க வரவில்லை. குழந்தை பிடிப்பது போல முஷ்டியில் பிடித்திருந்தாள். நேற்று நான் கொட்டிவிட்டு ஓடிய கிரீம் ஒரு பக்கம் மேடாக நின்றது, மற்ற பக்கம் பள்ளம், ஓரத்தில் நான் தோண்டிய குழி, மூலையில் முள் குத்திய தடம். அக்கா ஸ்பூனைத் திருப்பினாள். அதற்கே வெகுநேரம் ஆயிற்று. பின்பக்கத்தை மேட்டின் மேல் வைத்து, பள்ளத்தை நோக்கி இழுத்தாள். ஸ்பூன் கோணலாகப் போனது. திரும்ப வைத்தாள், திரும்ப இழுத்தாள். எழுந்து உதவப்போன என் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

பாதிவரை சமமானது. நின்று அதைப் பார்த்தாள். பிறகு கிரீம் அப்பியிருந்த ஸ்பூனை, நான் இருப்பதையே மறந்தவள் போல, வாய்க்குக் கொண்டுபோனாள்.

உதட்டின் வலது ஓரத்தில் கொஞ்சம் வழிந்தது. கன்னம் அசைந்தது. நான் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது சும்மா இருந்தது, இன்னும் சும்மா இருந்தது, பிறகு ஒருமுறை ஏறி இறங்கியது. இருமல் வரவில்லை. அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. பாத்திரத்தின் எதிர் மூலையில் இன்னும் ஒரு மேடு பாக்கி இருந்தது. ஸ்பூன் மெதுவாக அந்தப் பக்கம் நகர்ந்தது.