வேப்பமரத்தடி எதிரொலி

பெட்டியை எடுத்துவிட்டுத்தானே கணக்கை ஓட்டினேன், பிறகெப்படி அதே எதிரொலி, அதே ஆழத்தில்... ஜெயரூபி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கணினித் திரையைத் திரும்பப் பார்த்தாள், இருக்கிறது, அசையாமல் இருக்கிறது. போரில் இடம்பெயர்வதற்கு முதல்நாள் அக்கராயன் ஊரிலுள்ள வீட்டு வளவில் அப்பா புதைத்த இரும்புப் பெட்டி, உள்ளே அம்மாவின் தையல் மெசினும் கூறைச்சேலையும், எந்த இடமென்று அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும், அப்பா திரும்பி வரவேயில்லை. நிலத்துக்குள் மின்காந்த அலை அனுப்பும் கருவியைத் தான் படிப்பிக்கும் பல்கலைக்கழகத்தில் இரவல் வாங்கி வளவெல்லாம் இழுத்தாள், வேப்பமரத்தடியில் ஓர் எதிரொலி. அது பெட்டிதானா என்று பார்க்கத்தான் இந்தக் கணக்கு, வளவு மண்ணைக் கணினிக்குள் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, நடுவில் ஒரு பெட்டியை வைத்து, ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டத்தைப் பார்த்துத் தன் மின்புலத்தை மாற்றிக்கொள்ள, அலை மெல்ல இறங்கி, பட்டு, திரும்பி... வளவில் பதிந்ததோடு அச்சொட்டாகப் பொருந்தியது. நேற்று துள்ளிக்கொண்டு அம்மாவிடம் சொல்லியும் விட்டாள். இன்று கணினி மண்ணுக்குள் பெட்டியே இல்லை, எதிரொலி மட்டும் இருக்கிறது. கட்டங்கள் முடிகிற இடத்தில் அலையை விழுங்கும் ஓரம் ஒன்று வைக்கவேண்டும், இல்லாவிட்டால் அலை விளிம்பில் மோதித் திரும்பிவரும், மாணவர்களிடம் இதையே வாய் ஓயாமல் சொல்கிறவள் தானே வைக்க மறந்தாளா? மறந்தாளா, அல்லது... சீ, என்ன யோசனை இது. கனடா மாப்பிள்ளையை அவள் வேண்டாம் என்ற நாளிலிருந்து, அந்த வளவிலேயே தனியே இருக்கும் அம்மா அவளோடு பேசவில்லை, பெட்டியைத் தேடத் தொடங்கிய பிறகுதான் பின்னேரங்களில் போன் அடிக்கிறது, பேச்செல்லாம் பெட்டியைப் பற்றித்தான், சாப்பிட்டாயா என்றுகூட ஒரு கேள்வி கிடையாது, ஆனாலும் அந்தக் குரல் நின்றபின் கிளிநொச்சியின் இந்த வாடகை அறையில் மின்விசிறிச் சத்தத்தைத் தாங்க முடிவதில்லை. பெட்டி இல்லையென்று சொல்லிவிட்டால் அம்மா இனி எதற்காகப் போன் எடுக்கப்போகிறார்?

போன் அடித்தது. "என்ன பிள்ளை, என்ன மாதிரி?" பொய் சொல்லலாமா... வாய் வரவில்லை. "கணக்குப் பிழைச்சுப்போச்சம்மா. அது பெட்டியெண்டு சொல்லேலாது. திரும்பச் செய்து பாக்கவேணும்." திட்டப்போகிறார் என்று காத்திருந்தாள். "ஓம் ஓம், ஆறுதலாச் செய். நாளைக்கும் எடுக்கிறன்." வைத்துவிட்டார். குரலில் துளி ஏமாற்றமும் இல்லையே, ஏன் இல்லை? கணக்கும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், வேப்பமரத்தடியில் மண்வெட்டியால் கொஞ்சம் கிண்டினாலே தெரிந்துவிடும், கூப்பிட்டால் பக்கத்து வளவு நடராசா அண்ணை ஓடிவருவார், நேற்றே கிண்டியிருக்கலாம், அதற்கு முந்திய கிழமையே கிண்டியிருக்கலாம்... அம்மா ஏன் இன்னும் கிண்டவில்லை?