காரை

பல் மருத்துவ வரலாற்றுக் கழகத்தில் ஒரு காலத்தில் நாற்காலி போதாமல் ஆட்கள் சுவரில் சாய்ந்து நின்றார்கள். இப்போது நாற்காலிகள் இருந்தன, ஆட்கள்தான் இல்லை. மிஞ்சியது இரண்டு பேர். ஒருவர் தலைவர், இன்னொருவர் செயலாளர். இருவருமே ஓய்வுபெற்ற பல் மருத்துவர்கள். தலைவர் செயலாளரின் அக்காவைக் கட்டியவர். அக்கா போய்ச் சேர்ந்த பிறகும் இருவரும் பேசிக்கொள்ள இந்தக் கழகம் ஒன்றுதான் சாக்கு.

கழகம் இருந்தது பல் மருத்துவச் சாமான் விற்கும் கடையின் மாடியில். பழைய முதலாளி சும்மா கொடுத்த அறை. அவர் மகனுக்கு அது கிடங்காக வேண்டுமாம். மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டான். படியில் எதிர்ப்படும்போதெல்லாம், "மேல இருக்கிற பல்லெல்லாம் தானா விழுமா சார், இல்ல நானே பிடுங்கணுமா?" என்பான். செயலாளர் சிரித்து வைப்பார். சிரிக்காவிட்டால் நாளைக்கே பிடுங்குவான்.

காலால் மிதித்து ஓட்டும் துளைக்கருவி, துருவேறிய குறடுகள், கெட்டி ரப்பரில் செய்த பல் செட்டுகள். இதையெல்லாம் எந்த அருங்காட்சியகமும் கேட்கவில்லை. எல்லாரிடமும் இருக்கிறதாம். எவரிடமும் இல்லாதது ஒன்றுதான் அங்கே இருந்தது: ஒரு கண்ணாடி அலமாரி நிறையத் தாடை எலும்புகள், பல்லோடு. சாலை போடப் பழைய இடுகாடு ஒன்றைத் தோண்டியபோது கழகத்தை ஆரம்பித்தவர் கேட்டு வாங்கி வந்தவை. அதில் ஒன்றைச் செயலாளர் தன் மேசையில் காகிதம் பறக்காமலிருக்க வைத்திருந்தார்.

அந்தத் தாடைகளைப் பார்க்கத்தான் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆராய்ச்சிக்காரப் பெண் வருவதாகப் போன் செய்தாள். ஒத்துவந்தால் துளைக்கருவி உட்பட எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஓர் அறையும் கொடுப்பார்கள். ஒத்துவராவிட்டால் பழைய இரும்புக்காரன்தான். எலும்புக்கு அவனும் வரமாட்டான்.

"விருந்தாளி வர்றாங்க அத்தான். இடத்தைக் கொஞ்சம் சுத்தமா வச்சிருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, முழங்கால் வலியோடு வீட்டில் படுத்துவிட்டார் செயலாளர்.

அவள் வந்த அன்றுதான் மறுபடி படியேறினார். ஒரு தூசி இல்லை. அவருடைய மேசையில் மட்டும் செய்தித்தாள்கள் குவிந்து கிடந்தன. மாப்பிள்ளையின் மேசையில் கை வைத்தால் அவருக்குக் கோபம் வரும் என்று தலைவர் அதைத் தொடவில்லை. மற்ற எல்லாவற்றையும் தொட்டிருந்தார். அலமாரிக்குள் தாடைகள் விளம்பரத்தில் சிரிப்பவை போல மின்னின.

"ஒரு பல்லு விடல மாப்ளே" என்றார் தலைவர். "பல்லுல எத்தனை வருஷத்துக் காரை படிஞ்சிருந்தது தெரியுமா? சிமெண்ட்டு மாதிரி! எல்லாத்தையும் சுரண்டி, பாலிஷ் போட்டு வச்சிட்டேன். கை நடுங்குதுன்னுதானே ஆஸ்பத்திரிய மூட வச்சீங்க? இப்பப் பாரு." கையை நீட்டிக் காட்டினார். நடுங்கவில்லை. ஆராய்ச்சிக்காரப் பெண் உள்ளே வரவும், நீட்டிய கையோடு டீ போடப் பின்னறைக்குப் போனார்.

அந்தப் பெண் ஒரு தாடையை எடுத்தாள். இன்னொன்றை எடுத்தாள். டார்ச் அடித்துப் பற்களின் பின்பக்கம் பார்த்தாள். அலமாரி முழுக்கப் பார்த்து முடித்தாள்.

"சார், இதுல இருந்த காரை எங்க?"

"சுத்தம் பண்ணிட்டோம்மா."

"எனக்கு வேண்டியது அந்தக் காரைதான் சார். பல்லு இல்ல. அவங்க என்ன தின்னாங்க, என்ன சீக்கு இருந்துச்சு, எந்தத் தூசியில நின்னு வேலை பார்த்தாங்க, எல்லாம் அதுலதான் படிஞ்சு கிடக்கும். சுரண்டினதை எங்கயாவது வச்சிருக்கீங்களா?"

செயலாளர் மூலையிலிருந்த கைகழுவும் தொட்டியைப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

"ஒண்ணே ஒண்ணுல மிச்சமிருந்தாக்கூட நான் மேல பேசிப் பார்ப்பேன். வெறும் எலும்ப வச்சு எப்படி சார் அறை கேட்கறது?" பையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

தலைவர் தட்டில் மூன்று டீயோடு வந்தார். "எங்க அந்தப் பொண்ணு?"

"கிளம்பிட்டாங்க."

"டீ கூட குடிக்காமலா? சரி, பார்த்தாங்களா? என்ன சொன்னாங்க?"

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது. பல் பிடுங்கிய கை மட்டும் இருக்குமா? இதை அவரிடம் எந்த வாயால் சொல்வது? செயலாளர் மேசையில் கையூன்றினார். செய்தித்தாள்கள் சரிந்தன. அடியில், காகிதத்துக்குப் பாரமாக அவர் வைத்திருந்த தாடை எலும்பு. முன்பற்களின் பின்னால் காரை, பழுப்பாக, கெட்டியாக, அப்படியே.

அவர் அதைத் தாளின் மேல் எடுத்து வைத்தார். "இதோ வந்திடறேன் அத்தான்" என்றவர் முழங்காலை மறந்து படியிறங்கி ஓடினார். "என்ன சார், பல்லு விழுந்திடுச்சா?" என்று கேட்ட முதலாளி மகனுக்கு இந்தமுறை சிரிக்கக்கூட நிற்கவில்லை. தெருமுனையில் ஆட்டோவுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தாள் அவள். மூச்சு வாங்கியதில் "ஒண்ணு இருக்கு" என்பதற்கு மேல் அவருக்குப் பேச்சு வரவில்லை. அது போதுமாக இருந்தது. அவருக்கு முன்னால் அவள் படியேறினாள்.

தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் பாதிப் படியிலேயே கேட்டது.

தலைவர் குழாயடியில் நின்றிருந்தார். இடக்கையில் தாடை, வலக்கையில் கொக்கி வளைந்த சுரண்டி. "ஏன் மாப்ளே, நாலு பேர் வந்து போற இடத்துல இதை இப்படியா வச்சிருப்ப? நல்லவேளை, அவங்க கண்ணுல ப..." திரும்பியவர் அவளைப் பார்த்ததும் வெட்கப்பட்டார். "ஒண்ணு விட்டுப்போச்சும்மா. மனசுல வச்சுக்காதீங்க. இப்பப் பாருங்க."

நீட்டினார். கை நடுங்கவில்லை.

அவள் வாங்கிக்கொண்டாள். பற்களின் பின்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"நல்லா இருக்கு டாக்டர்" என்றாள்.

செயலாளர் குழாயை மூடப் போனார்.