சிவரஞ்சனி பெயரில் ஆடியவள்

பதினான்கு வயதுக்குட்பட்டோர் கபடி அணியில் சிவரஞ்சனிக்கு இடம் கிடைத்த வாரமே பி.டி. சார் ஆரோக்கியதாஸ் அவளைத் தனியாக அழைத்தார்.

“எட்டாப்புப் பிள்ளைகள மட்டும் வச்சு கப்பு அடிக்க முடியாதும்மா. ஒன் பேர்ல செவந்தி எறங்கட்டும். ஒரு நாள்தான். டீமுக்காகத்தானே?”

செவந்தி பத்தாம் வகுப்பு. போட்டி விண்ணப்பத்தில் சிவரஞ்சனியின் பிறந்த தேதிக்குப் பக்கத்தில் செவந்தியின் போட்டோ ஒட்டப்பட்டது. பயிற்சியில் எல்லோரும் செவந்தியை “ரஞ்சனி” என்று கூப்பிட்டுப் பழகினார்கள். வாய் தவறினால் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். சிவரஞ்சனியே இரண்டு சுற்று ஓடினாள்.

அறந்தாங்கியில் போட்டி. தண்ணீர் கேன் தூக்க அவளும் வேனில் போனாள். இறுதி ஆட்டத்தில் செவந்தி ஒரே ரெய்டில் மூன்று பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். “ரஞ்சனி! ரஞ்சனி!” என்று அணியே கத்தியது. சிவரஞ்சனியும் கத்தினாள்.

இடைவேளையில் எதிரணி டீச்சர் சிவரஞ்சனியிடம் வந்தார்.

“அந்தப் பிள்ளை எட்டாப்பு மாதிரி தெரியலையே. ஒன் பேரு என்னம்மா?”

தோழிகள் அத்தனை பேரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

“செவந்தி, டீச்சர்.”

அவர் திரும்பித் தன் அணிப் பக்கம் போய்விட்டார்.

கோப்பை கிடைத்தது. “நீதாம்மா உண்மையான டீம் பிளேயர்” என்று சார் சிவரஞ்சனியின் முதுகில் தட்டினார். தோழிகள் செவந்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

திங்கட்கிழமை பிரேயரில் சிவரஞ்சனியின் பெயரைச் சொல்லிச் சான்றிதழ் கொடுத்தார்கள். பிறகு செவந்தி வகுப்பு வாசலுக்கு வந்தாள்.

“ஒரு தடவ குடுடி, பாத்துட்டுத் தாரேன்.”

கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு வாங்கினாள். முழுக்கப் படித்தாள்.

“ஸ்போர்ட்ஸ் கோட்டால காலேஜ் சீட்டு கெடைக்குமாம். பத்திரமா வச்சுக்க.”

சிவரஞ்சனி அதை வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

அன்று சாயங்காலம் கத்தாரிலிருந்து அப்பா வீடியோ காலில் வந்தார். ஆத்தா சான்றிதழைக் கேமராவுக்கு நேரே பிடித்தாள். அப்பா ரூமில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டார்.

“எம்மகளப் பாருங்கப்பா! ஏம்மா, எப்புடி ஜெயிச்சீங்க? சொல்லு.”

போனுக்குள் நாலைந்து முகங்கள் நெருக்கியடித்துச் சிரித்தன.

“ஒரே ரெய்டுல மூணு பேரத் தொட்டேன்ப்பா” என்று அவள் ஆரம்பித்தாள்.