புள்ளி வைத்த பெயர்கள்

1
ஒரு பொய்யை மறைக்கத்தான் இந்தக் கதையைத் தொடங்கினேன். பாதியில் அது வெளியே வந்துவிட்டால் திட்டாதீர்கள்.

முதல் வரி: ‘2004, வவுனியா. ஏ9 வீதியில் புழுதி கிளம்ப—’

(வேண்டாம். புழுதியில் தொடங்காத வன்னிக் கதை ஒன்றாவது இருக்கட்டும்.)

2
பர்வின் ‘சி’ என்ற கணினி மொழி படித்தவள். நிவாரண அலுவலகம் ஒன்றில், ‘மூன்று மாதம் பார்ப்போம்’ என்ற நிபந்தனையில் வேலை. கூரைத் தகரம் பெறுவோரின் பட்டியலைச் சுத்தம் செய்ய ஒரு நிரல் எழுதினாள். பெயரின் ஒவ்வொரு குறியையும் அது மறித்துக் கேட்கும்: நீ எழுத்தா? இலக்கமா? வெற்றிடமா? எழுத்தும் வெற்றிடமும் போகலாம். வேறெது வந்தாலும் அந்தப் பெயரே வெளியே. சோதனைச்சாவடிகளோடு வளர்ந்தவளுக்கு இதை எழுதுவது சுலபமாக இருந்தது.

உம்மாவின் பெயரைக் கொடுத்துச் சோதித்தாள்: லதீபா. ‘சரி’ என்றது.

(அடிக்குறிப்பு மாதிரி: அப்போதைய எழுத்துருவில், ‘ம’வை ‘ம்’ ஆக்க அரைப்புள்ளிச் சாவியை அழுத்த வேண்டும். நமக்குத் திரையில் புள்ளி தெரியும். கணினிக்கோ அது வெறும் அரைப்புள்ளி, எழுத்தே அல்ல. லதீபாவில் புள்ளி இல்லை; அதனால் தப்பியது.)

நானூறு பேரில் முப்பத்தொருவர் தேறினார்கள். “நான் அப்பவே சொன்னனான், கள்ளப் பதிவு கூட எண்டு!” என்று மேலதிகாரி ராஜரத்தினம் மகிழ்ந்தார். அவர் பெயரே அதில் தேறாது.

3
தகரம் கொடுக்கும் நாள். மாங்குளத்திலிருந்து விமலேஸ்வரி வந்தா. மாரிமழை தொடங்க ஒரு கிழமைதான். வீட்டுக்குக் கூரை இல்லை.

“உங்கட பேர் லிஸ்ட்டில இல்லை அக்கா,” என்றாள் பர்வின்.

“போன மாசம் பதிஞ்சனான்தானே, தம்பி?”

(தம்பியா? பர்வின் பெண்ணல்லவா? ‘பிள்ளை’ என்று திருத்தப் போனேன். கை வரவில்லை. அந்த அக்கா தம்பி என்றுதான் கூப்பிட்டா. பர்வின் என்று யாரும் இல்லை. நிரலை எழுதியவன் நான். லதீபா, பக்கத்து மேசையில் இருந்தவரின் பெயர்.)

பிழை எனக்கு அந்தக் கணமே விளங்கியது. சொன்னால் வேலை போகும்.

“மிசின் விட்டிட்டுது அக்கா,” என்றேன்.

“மிசினுக்கு என்ன தெரியும், பாவம். நீங்கள் யோசிக்காதேங்கோ.”

எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனா. வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

4
முடிவுகள்:

அ) பர்வின் உண்மையைச் சொல்கிறாள். ராஜரத்தினம் தன் பெயரையே போட்டுப் பார்த்துச் சிரித்து—

ஆ) அந்த வருடம் மாரி பிந்தி—

இரண்டையும் வெட்டிவிட்டேன். நான் வாய் திறக்கவில்லை, மழை பிந்தவுமில்லை. அன்று நான் சொல்லாததை பர்வினின் வாயில் வைத்து நல்ல பெயர் எடுக்க மனம் ஒப்பவில்லை.

நீங்களாவது அவவிடம் உண்மையைச் சொல்லுங்கள். கதையில் அக்கா இன்னும் படியிறங்கவில்லை. மாங்குளம் பஸ்ஸுக்குப் பத்து நிமிடம் இருக்கிறது.