லீவு கேட்ட வாத்தியங்கள்

அலமாரியில் இருந்த துணிகளையெல்லாம் தாமரை தரையில் வாரிப் போட்டாள். பாஸ்போர்ட் கிடைத்தால்தான் விசாவை ரத்து செய்ய முடியும். ரத்து செய்தால்தான் நேற்று விடியற்காலையில் மாரடைப்பில் இறந்துபோன கணவர் உமாபதியை நாளைக் காலை விமானத்தில் ஏற்ற முடியும்.

“கெடச்சுதாக்கா?” என்றார் வாசலில் நின்ற முகம்மது சித்தீக். இந்த வளைகுடா ஊரான ஈசா டவுனில் தமிழர் யார் இறந்தாலும் காகித வேலைகளுக்கு அலைபவர் அவர்தான்.

பாஸ்போர்ட், உமாபதி கச்சேரிக்கு அணியும் கறுப்புக் கோட்டின் பையில் இருந்தது. கூடவே நான்காக மடித்த ஒரு தாளும் இருந்தது.

அந்நேரம் ஆர்கெஸ்ட்ராவின் செயலாளர் சேதுமாதவன் துக்கம் விசாரிக்க வந்தார்.

“சாயங்காலம் கச்சேரி நடக்கும் மேடம். சாருக்காக ஒரு நிமிஷம் மௌனம் உண்டு. கடைசி ஐட்டத்தை மட்டும் எடுத்துட்டோம்.”

“ஏன்?”

“வாசிக்கிறவங்க ஒவ்வொருத்தரா விளக்கை அணைச்சிட்டு எழுந்து போறது இந்த நேரத்துல நல்லா இருக்காது. கதை சொல்லவும் ஆள் இல்லையே.”

உமாபதிக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. பதினான்கு ஆண்டுகளாக அந்த ஆர்கெஸ்ட்ராவுக்கு நாற்காலி சுமந்தார். ஒவ்வோர் இசைக்கும் முன்னால் எழுந்து, அது பிறந்த கதையை ஆங்கிலத்தில் சொன்னார். கேம்ப் பேருந்துகளில் அழைத்துவரப்பட்டுப் பின்வரிசைகளை நிரப்பும் தொழிலாளிகளுக்காகத் தமிழிலும் சொல்கிறேன் என்று ஆண்டுதோறும் கேட்டார். ஆண்டுதோறும் மறுத்தார்கள். கைதட்ட ஆள் வேண்டும், அவர்களுக்கு விளங்க வேண்டியதில்லை என்னும் அந்த நியாயத்தை எந்தப் பள்ளியில் கற்றார்களோ! இந்த ஆண்டுதான், கடைசி இசைக்கு மட்டும், மூன்று நிமிடம் தந்திருந்தார்கள்.

தாமரை தாளைப் பிரித்தாள். அந்தக் கடைசி இசையின் கதை, தமிழில் எழுதியிருந்தது.

“பதினாலு வருஷம் கேட்டு வாங்கின மூணு நிமிஷம் சேது சார். நான் சொல்றேன்.”

“நீங்களா? இன்னைக்கா? நாலு பேர் என்ன பேசுவாங்க?”

“பேசட்டும். கதை சொல்லாம வாசிச்சா ஒத்திகையில நடந்த மாதிரிதான். கரண்ட் போச்சுன்னு வாட்ச்மேன் எல்லா லைட்டையும் போடுவான்.”

சித்தீக் சிரித்துவிட்டார், உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

மாலையில் தாமரை மேடையேறினாள். தாளைக் கையில் வைத்திருந்தாளே தவிர, பார்க்கவில்லை.

“ஒரு இளவரசர். சம்பளத்துக்கு வாசிக்கிறவங்களைத் தூரத்து அரண்மனைக்குக் கூட்டிட்டுப் போனார். ஃபேமிலிக்கு அனுமதி கிடையாது.” பின்வரிசைகளில் சலசலப்பு அடங்கியது. “கோடை முடிஞ்சுது. இளவரசருக்குக் கெளம்ப மனசில்ல. லீவு கேக்க ஒருத்தருக்கும் தைரியமில்ல.”

“எங்க கஃபீல் முதலாளிக்கு அண்ணன் போல!” என்றது ஒரு குரல். பின்பக்கம் முழுவதும் சிரித்தது.

“அவங்க பேண்ட் மாஸ்டர் வாயால கேக்கல. ஒரு இசை எழுதினார். முடியுற நேரத்துல, தன் பங்கை வாசிச்சவங்க மெழுகுவத்தியை அணைச்சிட்டு எழுந்து போயிடணும். ஒவ்வொருத்தரா.”

“லீவு கெடச்சுதாக்கா?” எழுந்து நின்று கேட்டவன் பெயிண்டர் அன்பரசன். ஊருக்குப் போய் மூன்று ஆண்டுகள் ஆகின்றன அவனுக்கு.

“இருப்பா. வாசிச்சு முடிக்கட்டும்.”

கடைசிப் பகுதி வந்தது. ஓபோ குழல் வாசித்த பிலிப்பினோ நர்ஸ் தன் விளக்கை அணைத்துவிட்டு எழுந்தாள். பின்வரிசையில் யாரோ முன்நாற்காலியின் முதுகை இரண்டு முறை தட்டினார்கள். லீவில் போகிறவனின் வண்டியை இரண்டு தட்டுத் தட்டி அனுப்புவது கேம்ப் வழக்கம்.

“போயிட்டு வாம்மா!”

முன்வரிசை அம்மாள் ஒருத்தி திரும்பி முறைத்தாள். ஹார்ன் வாசித்தவர் எழுந்து போனபோது இருபது நாற்காலிகள் தட்டப்பட்டன. பெரிய பேஸ் வயலினைத் தூக்கிக்கொண்டு ஒருவர் தள்ளாடியபடி போனபோது முறைத்த அம்மாளும் தட்டினாள். கதவோரம் நின்ற சேதுமாதவனின் விரல்கள் நிலைச்சட்டத்தில் இரண்டு முறை படிந்ததைத் தாமரை பார்த்தாள்.

எஞ்சியிருந்த இரண்டு வயலின்களும் ஓய்ந்தன. முழு இருட்டு. வாட்ச்மேன் சுவிட்சைத் தொடவில்லை.

“அக்கா?” அன்பரசனின் குரல்.

“மறுநாளே கெடச்சுது. எல்லாருக்கும்!”

அந்த அரங்கு பதினான்கு ஆண்டுகளில் அப்படி அதிர்ந்ததில்லை. இருட்டிலேயே எழுந்து நின்று தட்டினார்கள். தாமரை நிமிர்ந்து நின்று அவ்வளவையும் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பிணவறை வாசலில் பெட்டியை வண்டிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். தாமரை முன்னிருக்கையில், இரண்டு பாஸ்போர்ட்டுகளையும் மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தாள். விடுமுறைத் தூக்கத்தை விட்டு வந்திருந்த நாற்பது பேர் சுவரோரம் நின்றார்கள்.

அன்பரசன் மட்டும் வண்டியருகே வந்தான்.

தகட்டில் இரண்டு தட்டு விழுந்தது. ஓட்டுநர் வண்டியை எடுத்தார்.